டெல்டாவின் பருத்திக் காட்டிலிருந்து சிக்காகோ வரை: ஒரு சாதாரண மனிதரைத் தாள்களில் தேடுவது

சிக்காகோவின் தென்பகுதியில் வாழ்ந்து 1980களில் இறந்துபோன ஒரு தொழிலாளியின் வாழ்க்கையை எழுத அவர் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்தால், கையில் இருப்பவை பெரும்பாலும் மூன்றுதான். இறுதிச் சடங்கின்போது தேவாலயத்தில் கொடுத்த நாலு பக்கக் கையேடு. அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியின் எண் ஒன்று. "தாத்தா மிசிசிப்பியிலிருந்து வந்தவர்" என்ற ஒற்றை வரி. இவற்றிலிருந்து ஒரு முழு வாழ்க்கையை மீட்க முடியுமா என்றால், முடியும். கவுண்டி எனப்படும் மாவட்ட அலுவலகம் முதல் வாஷிங்டன் வரை அந்த நூற்றாண்டில் எழுதிக் குவித்த தாள்கள் அவ்வளவு. ஆனால் தாளைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதில் இருப்பதை யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று கேட்கத் தவறினால், கிடைத்த தாள்களெல்லாம் சேர்ந்து இல்லாத ஓர் ஆளை உருவாக்கிவிடும்.

ஒரு மாதிரி வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். 1908இன் பின்பகுதியில் மிசிசிப்பி டெல்டாவில், வாரத்துக்கு, அதாவது பிறர் நிலத்தில் விளைச்சல் பங்குக்கு, உழுத ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். 1920களின் இறுதியில் சிக்காகோ சேர்ந்தார். இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார், போருக்குப் போய்த் திரும்பினார், 1950களில் ஒரு வீடு வாங்கினார். 1910க்கும் 1970க்கும் இடையில் தெற்கைவிட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போன சுமார் 60 லட்சம் கறுப்பின மக்களில் எத்தனையோ பேருக்குப் பொருந்தும் தடம் இது. அவருக்குப் பெயர் வைக்கத் தேவையில்லை. தேடும் முறை எல்லோருக்கும் ஒன்றே.

முதல் விதி, பின்னோக்கி நடப்பது. இறப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகப் பிறப்பை நோக்கிப் போக வேண்டும். 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெயரைத் தட்டி, கிடைத்த முதல் குழந்தையைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கி வருபவர்கள் பெரும்பாலும் வேறொருவரின் பெற்றோரைத் தங்கள் குடும்பத்தில் சேர்த்துவிடுகிறார்கள். டெல்டாவின் ஒரே கவுண்டியில், ஒரே பெயரில், இரண்டு வயது வித்தியாசத்தில் மூன்று பையன்கள் இருப்பது சாதாரணம். அப்படி வந்தால் மூவரையும் சேர்த்தே தொடருங்கள். ஒருவர் 1930இல் இன்னும் மிசிசிப்பியிலேயே இருக்கிறார், இன்னொருவர் சிறுவயதில் இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகு மிஞ்சுபவர்தான் உங்கள் ஆள். பிடித்தவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை மறந்துவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு.

அடுத்து, ஒரு நோட்டில் கோடு போட்டு மேலிருந்து கீழாக ஐந்து பத்தி பிரியுங்கள்: தேதி, இடம், எந்தத் தாள், தகவல் சொன்னவர் யார், அந்த நிகழ்ச்சி நடந்து எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார். இடம் என்றால் ஊர்ப் பெயர் போதாது, தெருவும் கதவு எண்ணும் வேண்டும். கடைசி இரண்டு பத்திகளை எல்லோரும் விட்டுவிடுவார்கள். அவைதான் உயிர். இறப்புச் சான்றிதழில் இறந்த தேதியைச் சொன்னது மருத்துவர், அன்றே சொன்னார், அதை நம்பலாம். அதே தாளில் அவருடைய தாயின் கன்னிப் பெயரைச் சொன்னது மருமகளாக இருக்கலாம். அவர் அந்த மூதாட்டியைப் பார்த்தே இருக்கமாட்டார். ஒரே தாளில் ஒரு கட்டம் கல்வெட்டு, இன்னொரு கட்டம் செவிவழிச் செய்தி.

தேவாலயக் கையேட்டையும் இப்படித்தான் படிக்க வேண்டும். துக்க வீட்டில் இரண்டு நாளில் எழுதியது அது. பிறந்த ஊர் என்று போட்டிருப்பது அருகிலிருந்த ரயில் நிலையத்தின் பெயராக இருக்கும். ஆனால் பிழைத்திருக்கும் உடன்பிறப்புகள், முன்பே இறந்தவர்கள், எந்தச் சபையில் எப்போது சேர்ந்தார் என்ற விவரமெல்லாம் வேறு எங்கும் கிடைக்காது. அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் அடக்கத்துக்குப் பொறுப்பேற்ற நிறுவனத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பழைய ஏட்டில் யார் பணம் கட்டினார் என்றுகூட இருக்கலாம்.

அவரே சொன்ன தாள்

சோஷியல் செக்யூரிட்டி சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது 1935 ஆகஸ்ட் 14. எண்கள் கொடுக்கத் தொடங்கியது 1936 நவம்பரில். எண் கேட்டு ஒவ்வொருவரும் நிரப்பிய விண்ணப்பத்துக்கு எஸ்.எஸ். 5 என்று பெயர். முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், தந்தை பெயர், தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர், அப்போதைய முதலாளியின் பெயர், முகவரி எல்லாம் ஒரே தாளில், அவரே சொல்லி அவரே கையெழுத்திட்டு இருக்கும். ஒரு சாதாரண மனிதர் தன் தாயின் பெயரைத் தன் வாயாலேயே சொல்லிப் பதிந்த முதல் தாள் பெரும்பாலும் இதுதான். இதன் நகலைச் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்திடம் கட்டணம் செலுத்திப் பெறலாம். அவர் இறந்ததற்கான சான்றோடு, பெற்றோர் இறந்ததற்கான சான்று இருந்தால் அதையும் இணையுங்கள். இல்லாவிட்டால் பெற்றோர் பெயர்களை மறைத்துவிட்டு நகல் அனுப்பக்கூடும். அதற்காகத்தானே நகல் கேட்டோம்.

எண்ணும் ஒரு தடயம். 2011 ஜூன் வரை முதல் மூன்று இலக்கங்கள் விண்ணப்பித்த மாநிலத்தைச் சுட்டின. 318 முதல் 361 வரை இல்லினாய். நம் ஆளின் எண் அந்த வரிசையில் தொடங்கினால், எண் வாங்கும்போது அவர் சிக்காகோ பக்கம் வந்துவிட்டார். 700 முதல் 728 வரை என்றால் ரயில்வே ஊழியர். ரயில்வே ஓய்வூதிய வாரியத்தின் பழைய கோப்புகள் இப்போது அட்லாண்டாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளையில் இருக்கின்றன, அவருடைய ஓய்வூதியக் கோப்பை அங்கே தேட வேண்டும்.

இதே இடத்தில் ஒரு வெற்றிடமும் தென்படும். அவருடைய தாய் வெள்ளையர் வீட்டில் சமையல் செய்தவர், தந்தை பருத்திக் காட்டில் உழைத்தவர். 1935 சட்டம் விவசாயத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்வோரையும் வெளியே வைத்தது. முறையாக ஒரே இடத்தில் வேலை செய்தவர்களை உள்ளே கொண்டுவரத் தொடங்கியது 1950இன் திருத்தம்தான். அதனால் 1936இல் மகனுக்குத் தாள் உண்டு, தாய்க்கு இல்லை. அட்டவணையில் தாயின் பெயர் கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டாம். அந்தக் காலி இடம் அவர்கள் வாழ்க்கையில் சட்டம் விட்டுப்போன தழும்பு. அதையும் ஒரு தகவலாக நோட்டில் எழுதுங்கள்.

பத்தாண்டுக்கு ஒரு முறை கதவைத் தட்டியவர்கள்

கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டு கழித்தே பொதுப் பார்வைக்கு வரும். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று திறந்தன. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்திலும் ஃபேமிலிசெர்ச் தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆன்செஸ்ட்ரி சந்தா கேட்கும். ஆனால் அமெரிக்காவின் பல பொது நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து பார்த்தால் அதுவும் இலவசம்.

பெயரைத் தட்டிக் கிடைக்கவில்லை என்றால் பழி பெரும்பாலும் அட்டவணையின் மேல். கணக்கெடுப்பாளரின் கோழிக் கிறுக்கலை வேறொருவரோ கணினியோ படித்துத் தயாரித்த அட்டவணை அது. 1950க்கான முதல் பெயர் அட்டவணையைக் கையெழுத்தைப் படிக்கும் மென்பொருளே தயாரித்தது. அப்போது பெயரை விட்டுவிட்டு முகவரியைப் பிடிக்க வேண்டும். முகவரி எந்தக் கணக்கெடுப்பு வட்டத்தில் வருகிறது என்று கண்டுபிடித்து, அந்த வட்டத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். ஸ்டீவ் மோர்ஸின் இணையக் கருவியில் தெருவையும் குறுக்குத் தெருவையும் கொடுத்தால் வட்ட எண் வரும். பக்க ஓரத்தில் தெருப் பெயர் செங்குத்தாக எழுதியிருக்கும். கதவு எண்கள் தொடர்ச்சியாக வந்து நம் எண்ணை மட்டும் தாண்டிப் போனால் சோர்ந்துவிடாதீர்கள். முதல் முறை கதவு திறக்காத வீடுகளை 1940இல் 61ஆம் தாள் முதலும் 1950இல் 71ஆம் தாள் முதலும் தனியாக எழுதினார்கள். 1940இல் விடுதிகளில் தங்கியவர்கள் 81ஆம் தாள் முதல். பாதிப் பேர் அந்தக் கடைசிப் பக்கங்களைத் திறப்பதே இல்லை.

1940ஆம் ஆண்டுத் தாள்தான் எல்லாவற்றிலும் வளமானது. 1935 ஏப்ரல் 1 அன்று எங்கே இருந்தார், எந்த வகுப்புவரை படித்தார், 1939இல் எத்தனை வாரம் வேலை, எவ்வளவு கூலி, அரசின் நிவாரண வேலையில் இருக்கிறாரா என்றெல்லாம் கேட்டார்கள். அதைவிட முக்கியம், வீட்டில் யார் பதில் சொன்னாரோ அவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டமிட்ட பெருக்கல் குறி இருக்கும். நோட்டின் நான்காவது பத்தியை நிரப்ப இதைவிட நல்ல உதவி கிடையாது. குறி அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் கூலித் தொகையை நம்பலாம். வீட்டுக்காரியின் பெயருக்குப் பக்கத்தில் இருந்து, இவர் அங்கே வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியவர் என்றால், வயது, படிப்பு, கூலி மூன்றும் ஊகம்.

கூலியை இன்றைய டாலருக்கு மாற்றிச் சொல்வது பலருக்கும் பழக்கம். அதில் ஒன்றும் விளங்காது. ஒரு பக்கத்துக்கு 40 வரி இருக்கிறது. அதே பக்கத்து அண்டை வீட்டார் எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு வாடகை கொடுத்தார்கள் என்று பாருங்கள். அவர் அந்தத் தெருவில் ஏழையா, நடுத்தரமா என்பது உடனே தெரியும். 14ஆம், 29ஆம் வரியில் எழுதப்பட்டவர்களுக்கு மட்டும் பக்கத்தின் அடியில் கூடுதல் கேள்விகள் உண்டு. நம் ஆள் அந்த வரியில் விழுந்திருந்தால் அதிர்ஷ்டம்: தாய்மொழி, பெற்றோர் பிறந்த இடம், சோஷியல் செக்யூரிட்டி எண் உண்டா என்பதுவரை கிடைக்கும்.

1930ஆம் ஆண்டுத் தாளில் வாடகையும், வீட்டில் வானொலிப் பெட்டி உண்டா என்பதும் இருக்கும். அன்று வேலையில்லாதவர்களுக்குத் தனிப் படிவம் ஒன்று நிரப்பினார்கள். அந்தப் படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை. அதைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

1920இல் ஒரு சிக்கல். அந்த ஆண்டு மட்டும் கணக்கெடுப்பு நாள் ஜனவரி 1. வாரத்துக்கு உழுபவர் தோட்டக்காரருடன் கணக்குத் தீர்ப்பது அறுவடை முடிந்த ஆண்டிறுதியில். கடன் மிஞ்சினாலும், ஏமாற்றப்பட்டோம் என்று தோன்றினாலும், குடும்பம் வேறு தோட்டத்துக்குப் பெட்டி படுக்கையோடு கிளம்புவதும் அந்த வாரங்களில்தான். எண்ண வந்தவர் பழைய தோட்டத்துக்கு வரும்போது குடும்பம் கிளம்பியிருக்கும். புதிய தோட்டத்தை அதற்கு முன்பே எண்ணி முடித்திருப்பார்கள். 1910இலும் 1930இலும் இருக்கும் குடும்பம் 1920இல் காணாமல்போவதற்குப் பெரிய மர்மம் தேவையில்லை, இது போதும்.

கணக்கெடுப்பில் இல்லாதவர் அங்கே வாழவில்லை என்று ஒருபோதும் எழுதாதீர்கள். 1940 அக்டோபர் 16 அன்று படைச்சேர்ப்புக்குப் பதிந்தவர்களை அதே ஆண்டுக் கணக்கெடுப்புடன் ஒப்பிட்டபோது, 21 முதல் 35 வயது வரையிலான கறுப்பின ஆண்கள் கணக்கெடுப்பு காட்டியதைவிட 13 சதவீதம் அதிகமாக இருந்தார்கள். அதாவது, சிக்காகோவின் நெரிசலான ஒற்றையறைக் குடியிருப்புகளில் எண்ணப்படாமலே போனவர்கள் ஏராளம்.

1910ஆம் ஆண்டுத் தாளில் ஒரு நுணுக்கம். இரண்டு வயது நிரம்பாத குழந்தையின் வயதைப் பன்னிரண்டின் பின்னமாக எழுதினார்கள். ஒன்று, ஆறின் கீழ் பன்னிரண்டு என்று இருந்தால் ஏப்ரல் 15 அன்று அவருக்கு ஒன்றரை வயது, ஆகவே 1908 அக்டோபர் வாக்கில் பிறந்தவர். அதைச் சொன்னது பெரும்பாலும் பெற்ற தாய், பெற்று 18 மாதத்தில். பிற்காலத்தில் அவர் வாழ்நாள் முழுவதும் 1906 என்றோ 1910 என்றோ சொல்லியிருக்கலாம். அவற்றைவிட இந்தப் பின்னமே வலுவான சாட்சி. அந்த ஆண்டுத் தாளில் தாய்க்கு எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்ற இரண்டு எண்களும் உண்டு. ஒன்பது, ஐந்து என்று பார்க்கும்போது கை நின்றுவிடும். அந்த நான்கு குழந்தைகளுக்கு வேறு எந்தத் தாளும் இருக்காது.

இனம் என்ற கட்டத்தில் ஒரே ஆள் 1910இல் கலப்பினத்தவர், 1920இல் கறுப்பினத்தவர், 1930இல் நீக்ரோ என்று மாறுவார். இதை வைத்து வேறு ஆள் என்று முடிவு கட்டக்கூடாது. கணக்கெடுப்பாளர் கண்ணால் பார்த்து எழுதியது அது. விதிகளும் மாறின, 1930இல் கலப்பினம் என்ற வகையையே எடுத்துவிட்டார்கள். நம் வாசகர்களுக்கு ஒரு தகவல்: 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் இந்தியர்கள் எந்த மதத்தவரானாலும் இனக் கட்டத்தில் 'ஹிந்து' என்றே எழுதப்பட்டார்கள். கலிஃபோர்னியாவில் குடியேறிய சீக்கிய விவசாயிகளைத் தேடுபவர்கள் அந்தச் சொல்லைத்தான் தேட வேண்டும்.

தந்தையின் அட்டை, மகனின் அட்டை

மிசிசிப்பி மாநிலம் பிறப்பு இறப்புகளைப் பதியத் தொடங்கியது 1912 நவம்பரில். 1908இல் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்க வழியில்லை. இருந்தால் அது தாமதப் பதிவு. ஓய்வூதியத்துக்கோ போர்க்கால ஆலை வேலைக்கோ வயதுச் சான்று தேவைப்பட்டபோது எடுத்தது. அந்தச் சான்றிதழின் அடியில் எந்த ஆதாரங்களைக் காட்டினார்கள் என்ற பட்டியல் இருக்கும். குடும்ப பைபிள், பள்ளிப் பதிவு, காப்பீட்டுப் பத்திரம் என்று அவற்றின் தேதியோடு இருக்கும். சான்றிதழைவிட அந்தப் பட்டியலே மதிப்புள்ளது.

தந்தைக்கு முதல் உலகப்போரின் படைச்சேர்ப்பு அட்டையைத் தேடுங்கள். 1917 ஜூன் 5 அன்று 21 முதல் 30 வயது வரை முடிந்த ஆண்கள் எல்லோரும் பதிந்தார்கள். 1918 செப்டம்பர் 12 அன்று 18 முதல் 45 வரை. மொத்தம் சுமார் 2 கோடியே 40 லட்சம் அட்டைகள். 1917 அட்டையின் இடது கீழ் மூலை கிழிந்திருந்தால் காலத்தால் நைந்தது என்று நினைக்காதீர்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்றால் மூலையைக் கிழித்துவிடு என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தது.

அந்த அட்டையில் நமக்கு வேண்டிய கட்டம், யாரிடம் வேலை பார்க்கிறார் என்பது. அங்கே தோட்டக்காரரின் பெயர் இருக்கும். கணக்கெடுப்பில் வாரத்துக்கு உழுபவரை 'விவசாயி, வாடகை' என்றுதான் எழுதியிருப்பார்கள். எந்தத் தோட்டம் என்று தெரியாது. தலைப்பில் 'மூன்றாவது பீட்' என்று மட்டும் இருக்கும். மிசிசிப்பியில் ஒவ்வொரு கவுண்டியையும் ஐந்து பீட்டாகப் பிரித்திருந்தார்கள், அதுதான் இது. தோட்டக்காரரின் பெயர் கிடைத்த பிறகு கவுண்டி நீதிமன்றக் கட்டடத்துக்குப் போகலாம். அங்கே நிலப் பத்திரங்களும் அடமானப் பத்திரங்களும் சான்சரி எழுத்தர் அலுவலகத்தில் இருக்கும், திருமணப் பதிவுகள் சர்க்யூட் எழுத்தரிடம் இருக்கும். இரண்டும் இரண்டு அறைகள். பலர் ஒன்றோடு திரும்பிவிடுகிறார்கள். விளையப்போகும் பயிரையும் சொந்தமாக ஏதாவது இருந்தால் அதையும் ஈடுவைத்து விதைப்புக் காலத்தில் கடன் வாங்கிய பத்திரங்களைப் புரட்டினால், கோவேறு கழுதையின் நிறமும் பெயரும்கூட எழுதியிருப்பதைப் பார்க்கலாம். கழுதை இருந்தால் அந்த ஆண்டு அந்தக் குடும்பம் வெறும் வாரக்காரர் நிலையிலிருந்து ஒரு படி மேலே இருந்தது என்று பொருள்.

அடுத்து, மிசிசிப்பி கவுண்டிகள் பள்ளி நிதிக்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்த பட்டியல். 5 வயது முதல் 21 வரையுள்ள பிள்ளைகளின் பெயர், வயது, பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயர் அதில் இருக்கும். 1920 கணக்கெடுப்பில் தொலைந்த பையன் பெரும்பாலும் இங்கே அகப்படுவான். பெற்றோர் இடத்தில் பாட்டியின் பெயர் இருந்தால், இடையில் வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கலாம்.

மகனுடைய 1940 அட்டையில், உங்கள் முகவரியை எப்போதும் அறிந்திருக்கும் ஒருவர் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. சிக்காகோவில் இருப்பவர் அங்கே மிசிசிப்பியிலுள்ள ஓர் அத்தையின் பெயரைக் கொடுத்திருப்பார். வடக்கையும் தெற்கையும் இணைக்கும் நூல் அது. பின்பக்கத்தில் உயரம், எடை, தழும்பு இருக்கும். பெயர் வெறும் 'ஜே. சி.' என்று இருந்தால் விரித்துப் படிக்க முயல வேண்டாம். நமக்கு முதலெழுத்து என்றால் தந்தை பெயர் நினைவுக்கு வரும். தெற்கில் பலருக்கு அந்த இரண்டு எழுத்துகளே முழுப்பெயர். இராணுவம் அதை 'எழுத்து மட்டும்' என்று குறித்துக்கொண்டது.

இராணுவக் கோப்பு பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் பணியாளர் ஆவண மையத்தில் பற்றிய தீயில் 160 முதல் 180 லட்சம் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1959 முடிய தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போயிற்று. கடற்படை, மரைன் கோப்புகள் தப்பின. எரிந்துவிட்டது என்ற பதில் வந்தாலும் அங்கேயே நிற்காதீர்கள். இராணுவக் கோப்பு கேட்பதற்கான எஸ்.எஃப். 180 படிவத்தில் கடைசிச் சம்பளச் சீட்டையும் கேளுங்கள், அது தனியாக இருந்ததால் பெரும்பாலும் கிடைக்கும். காப்பகத்தின் படைச்சேர்ப்புத் தரவுத்தளத்தில் சுமார் 90 லட்சம் பேர் இருக்கிறார்கள். துளையட்டைகளின் நுண்படத்தைக் கருவி படித்து உருவானதால் எழுத்துகள் மாறியிருக்கும். பெயருக்குப் பதில் படை எண்ணைத் தட்டுங்கள். 36 என்று தொடங்கினால் இல்லினாய், மிச்சிகன், விஸ்கான்சின் வட்டாரத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர். 1943இன் சில மாதங்களில் எடை என்ற இடத்தில் எடைக்குப் பதில் தேர்வு மதிப்பெண்ணை அடித்திருக்கிறார்கள். எடை என்று நினைத்து அதை எழுதிவிடாதீர்கள்.

ரயிலுக்குப் பட்டியல் இல்லை

கப்பலில் வந்த குடியேறிகளைப் பதிந்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவைப்போல, தெற்கிலிருந்து சிக்காகோ வந்த இல்லினாய் சென்ட்ரல் ரயிலுக்கும் பயணிகள் பட்டியல் இருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு. உள்நாட்டுப் பயணத்தை யாரும் பதியவில்லை. அவர் வந்த நாளை இரண்டு தாள்களுக்கு இடையில் அடைக்கத்தான் முடியும். கீழ் எல்லைக்குத் தெற்கில் அவர் பெயர் கடைசியாக வரும் பள்ளிப் பட்டியல். மேல் எல்லைக்கு வடக்கில் அவர் பெயர் முதலில் வரும் தாள். சிக்காகோவின் நகரப் பெயரேடு 1928-29 பதிப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தொலைபேசிப் புத்தகம்தான், அதுவும் தொலைபேசி வைத்திருந்தவர்களுக்கு. இடைவெளியை நெருக்க இரண்டு வழி. ஒன்று, பழைய சபை புதிய சபைக்குக் கொடுத்த மாற்றுக் கடிதம். மற்றொன்று 'சிக்காகோ டிஃபெண்டர்' என்ற கறுப்பினத்தவரின் வார இதழ். ராபர்ட் அபட் 1905இல் தொடங்கிய அந்த இதழில் தெற்கின் சிற்றூர்களிலிருந்து ஊர்ச் செய்திகள் வந்துகொண்டிருந்தன: இன்னாருடைய மகன் சிக்காகோ போனார், இன்னார் தாயைப் பார்க்க வந்திருக்கிறார். மங்கிய அச்சைக் கணினி தவறாகப் படிப்பதால் பெயரைவிட ஊர்ப் பெயரைத் தேடிப் பத்தியை முழுக்கப் படிப்பது நல்லது.

பெரிய வரலாற்றைக் கொண்டுவந்து சேர்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும் இடம் இது. 1929 அக்டோபர் பங்குச்சந்தைச் சரிவை இவர் வாழ்க்கையின் திருப்பமாக எழுதிவிடுவார்கள். அவருடைய பெற்றோருக்குப் பஞ்சம் அதற்கு முன்பே வந்தது. பருத்தியின் காய்ப்புழு வண்டு 1907இல் மிசிசிப்பிக்குள் நுழைந்தது. 1919இல் பவுண்டு 35 சென்ட் விற்ற பருத்தி அடுத்த ஆண்டே சரிந்தது. 1931இல் 6 சென்ட்கூடத் தேறவில்லை. 1927 ஏப்ரல் 21 அன்று மவுண்ட்ஸ் லாண்டிங்கில் மிசிசிப்பி ஆற்றின் கரை உடைந்து டெல்டா மூழ்கியது. உங்கள் ஆளின் பீட் அந்த வெள்ளத்தில் இருந்ததா என்று வரைபடத்தில் பாருங்கள். இருந்தால், அவர் பெயர் அங்கே கடைசியாக வரும் ஆண்டு 1926 என்றால், வெள்ளத்தை எழுதுங்கள். இல்லையென்றால் எழுதாதீர்கள். ஒரு நிகழ்ச்சி அவருடைய தாளில் ஒரு கோடாவது போட்டிருக்க வேண்டும். 1919 சிக்காகோ இனக்கலவரத்தில் 38 பேர் இறந்தது பெரிய செய்திதான், ஆனால் இவர் அப்போது டெல்டாவில் பதினோரு வயது தொடாத சிறுவன்.

பத்திரத்தில் பெயர் இல்லாத வீடு

1950க்குப் பின் கணக்கெடுப்பு கைவிடும், வீடு கைகொடுக்கும். முதலில் முகவரியைச் சரிபாருங்கள்: சிக்காகோ 1909இல் தெரு எண்களை மாற்றியது, அதற்கு முந்தைய எண்ணை இன்றைய வரைபடத்தில் தேடினால் மைல் கணக்கில் தள்ளிப்போய்விடும். தெருவே இல்லை என்றால் நெடுஞ்சாலை விழுங்கியிருக்கும். சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களில் 50 அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் ஒவ்வொரு கட்டடமும் இருக்கும். இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம். இடிந்துபோன வீட்டின் பின்கட்டு மாடிப்படி எது என்றுகூடச் சொல்லலாம்.

1930களின் பின்பாதியில் வீட்டுக்கடன் கழகம் வரைந்த நகர வரைபடங்களில் கறுப்பின வட்டாரங்கள் சிவப்பு, அதாவது கடன் கொடுக்க ஆபத்தானவை. கூட்டரசு வீட்டுக்கடன் காப்புறுதியும் அந்த வட்டாரங்களை ஒதுக்கியது. விளைவு, 1950களில் அங்கே வீடு வாங்கியவர்கள் பலர் வங்கிக் கடன் கிடைக்காமல் தவணை ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். கடைசித் தவணை கட்டும்வரை கிரயம் விற்பவர் பெயரில்தான். ஒரு தவணை தவறினால் கட்டிய பணமும் வீடும் போய்விடும். ஆகவே குக் கவுண்டிப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை என்பதால் வாடகைக்கு இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள். குடும்பத்தில் "நாங்கள் வீடு வாங்கினோம், பிறகு போய்விட்டது" என்று யாராவது சொன்னால் அது நினைவுப் பிசகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சிக்காகோவின் லான்டேலில் இப்படி வாங்கியவர்கள் 1968இல் சங்கம் அமைத்துத் தவணைப் பணத்தை நிறுத்திவைத்துப் போராடியிருக்கிறார்கள். பழைய டிரங்குப் பெட்டியில் மாதாமாதம் கட்டிய ரசீதுப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். போர்க்காலப் பங்கீட்டுப் புத்தகம் இருந்தால் அதையும் எறியாதீர்கள், வயதும் உயரமும் எடையும் அதில் எழுதியிருக்கும்.

பெரியவர்களிடம் பேசும்போது ஆண்டைக் கேட்க வேண்டாம். "நாற்பத்தேழா, நாற்பத்தெட்டா" என்று தடுமாறி, பிறகு எல்லாவற்றிலும் நம்பிக்கை இழந்துவிடுவார்கள். எந்த வீட்டில் இருந்தபோது, எந்தப் பிள்ளை கைக்குழந்தை, அப்போது குளிரா வெயிலா என்று கேளுங்கள். சான்போர்ன் வரைபடத்தின் நகலை முன்னால் விரித்து வைத்தால் விரல் தானாகப் போகும்: இங்கே மளிகைக் கடை, இங்கே ஐஸ் வண்டி நிற்கும். ஒருமுறைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பதிவு செய்ததை அன்றே எழுதி, அடுத்த முறை போகும்போது அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். திருத்தும்போதுதான் புதியது வரும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் எண்களையும் எழுத்தில் சேர்க்காதீர்கள்.

1960ஆம் ஆண்டுத் தாள்கள் 2032 ஏப்ரல் 1 அன்று திறக்கும். அதற்குள் 1959, 1960 தொலைபேசிப் புத்தகங்களிலிருந்து அவருடைய முகவரியை, அருகிலிருக்கும் இரண்டு குறுக்குத் தெருக்களோடு சேர்த்து நோட்டில் எழுதி வையுங்கள். முதல் நாள் வரும் பெயர் அட்டவணையில் பிழை இருக்கத்தான் செய்யும். தெரு தெரிந்தால் பக்கத்தை நேரே திறந்துவிடலாம்.